எலியின் மனச்சோர்வைக் கணினி மாதிரியால் ஆராய்வது எப்படி, எதற்கு?

கேள்வி: "கொழும்பில் இறுதியாண்டு விலங்கியல் படிக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு எடுத்ததால் கணிதம் சாதாரண தரத்தோடு போய்விட்டது. எலிகளில் மனச்சோர்வு போன்ற நடத்தையைக் கணினி மாதிரி வைத்து ஆராயலாமே என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். எலிக்கு மனச்சோர்வு வந்ததென்று எப்படித் தெரியும்? அதில் கணினி என்ன செய்யும்? எலிக்கூடு எதுவும் இல்லாமல், வெறும் மடிக்கணினியோடு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியும். ஆனால் மடிக்கணினியைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் முதல் கேள்வியோடு கொஞ்ச நேரம் மினக்கெட வேண்டும். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

எலிக்கு மனச்சோர்வு வந்திருக்கிறதா என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மனிதரில், மனநோய்களை வரையறுக்கும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று தாழ்ந்த மனநிலையாகவோ எதிலும் நாட்டமில்லாமையாகவோ இருக்க வேண்டும். அங்கொடை மனநல நிறுவகத்தில் ஒரு டொக்டர் நோயாளியோடு கதைத்து, வீட்டாரிடம் விசாரித்து இதைத் தெரிந்துகொள்கிறார். எலியிடம் குற்ற உணர்வு இருக்கிறதா, சாக வேண்டும்போல் இருக்கிறதா என்று கேட்க வழியில்லை. மிஞ்சுவது உறக்கம், எடை, அசைவு, இனிப்பின் மீதும் துணையின் மீதும் உள்ள நாட்டம், இவ்வளவுதான். அதனால்தான் கவனமாக எழுதுபவர்கள் 'மனச்சோர்வு போன்ற நடத்தை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் ஆய்வறிக்கையிலும் அப்படியே எழுதுங்கள். 'மனச்சோர்வுற்ற எலி' என்று ஓரிடத்தில்கூட வர வேண்டாம்.

இந்த நடத்தையை அளக்கும் சோதனைகளில் எளிமையானது சீனித் தண்ணீர் சோதனை. கூட்டில் இரண்டு போத்தல்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் பெரும்பாலும் 1 வீதம் சீனி கரைத்த தண்ணீர். எலி இரவில் நடமாடும் பிராணி என்பதால் பல ஆய்வுகூடங்களில் இரவு முழுக்க விட்டுவைத்து, காலையில் இரண்டு போத்தலையும் நிறுத்து, எதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். சில எலிகளுக்கு ஒரு பக்கம் பழகிப்போயிருக்கும். அதனால் போத்தல்களை இடம் மாற்றி வைப்பதும் வழக்கம். சாதாரண எலி குடிப்பதில் பெரும்பங்கு சீனித் தண்ணீர்தான். வாரக்கணக்கில் சிறு சிறு தொல்லைகள் கொடுத்த எலியிடம் அந்த நாட்டம் குறைகிறது. தொல்லைகள் என்றால் கூட்டைச் சரித்து வைப்பது, படுக்கைத் தூளை நனைத்துவிடுவது, இரவில் விளக்கை எரியவிடுவது போன்றவை. போல் வில்னரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1987 இல் இதைக் காட்டிய பிறகு உலகம் முழுவதும் இந்த முறை பரவியது. நம்முடைய வெக்கையில் இதைச் செய்பவர்கள் கூடுதலாக இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்: சீனித் தண்ணீர் சீக்கிரம் புளித்துவிடும், போத்தல் வாயில் எறும்பு மொய்க்கும். இரண்டும் அளவைக் கெடுக்கும்.

சரி, ஒரு எலியின் நாட்டம் 85 வீதத்திலிருந்து 65 வீதத்துக்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். பல கட்டுரைகள் இந்த இடத்தில் 'இன்பமிழப்பு' என்று எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடும். உண்மையில் இங்கேதான் கேள்வி தொடங்குகிறது. சீனி முன்போல இனிக்கவில்லையா? இனிக்கிறது, ஆனால் எந்தப் போத்தலில் சீனி இருக்கிறது என்று கற்கத் தாமதமாகிறதா? தெரிந்திருந்தும் கண்டபடி வாய் வைக்கிறதா? போத்தல் வரை எழுந்து போகவே அலுப்பாக இருக்கிறதா? இல்லை, வெறும் தாகம்தான் கூடிவிட்டதா? காய்ச்சல் 102 என்று பார்த்த உடனே டெங்கா எலிக்காய்ச்சலா என்று யாரும் சொல்வதில்லை, இரத்தம் சோதிக்கச் சொல்வார்கள். இங்கேயும் வெளியே தெரிகிற அந்த ஒரே எண்ணுக்குப் பின்னால் நான்கைந்து காரணங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் மூளையில் வேறு வேறு சுற்றோடு தொடர்புடையதாக இருக்கலாம், வேறு வேறு மருந்துக்கு இணங்கலாம். அவற்றைப் பிரித்துப் பார்ப்பதுதான் கணினி மாதிரியின் வேலை. இந்தத் துறையில் அது தருகிற மிகப் பெரிய பயன் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கணினிக்குள் ஒரு எலியைச் செய்து அதற்குச் சோகம் வரவைப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. எலி எப்படிக் கற்கிறது, எப்படித் தெரிவு செய்கிறது என்பதைப் பற்றி நமக்கு ஓர் ஊகம் இருக்கிறது. அந்த ஊகத்தை இரண்டு மூன்று வரிக் கணக்காக எழுதுகிறோம். அதில் எலிக்கு எலி மாறக்கூடிய இரண்டு மூன்று எண்களை மட்டும் திறந்து விடுகிறோம். இவற்றைப் பரமானங்கள் என்பார்கள். பிறகு, அந்த எலி உண்மையில் செய்த நூற்றுக்கணக்கான தெரிவுகளை வரிசையாகக் கொடுத்து, 'பரமானங்களுக்கு எந்தப் பெறுமானம் கொடுத்தால் இந்த வரிசை வருவதற்கான நிகழ்தகவு மிக அதிகம்?' என்று கணினியைக் கேட்கிறோம். கிடைக்கும் எண்கள்தான் அந்த எலியைப் பற்றிய நம் அளவீடு. போத்தல் எடையும் ஓர் அளவீடுதான். இது அதைவிட ஒரு படி உள்ளே போகிறது.

நடைமுறையில் அதிகம் பயன்படும் கணக்கு மிக எளியது. றெஸ்கோர்லா, வாக்னர் இருவரும் 1972 இல் எழுதியதன் வழியில் வந்தது. போத்தல்களுக்குப் பதில், அழுத்தினால் பரிசு தரும் இரண்டு நெம்புகள் உள்ள பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நெம்பை அழுத்தினால் என்ன கிடைக்கும் என்று எலி ஒரு மதிப்பை மனதில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும், கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கை அந்த மதிப்போடு சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பங்குதான் கற்றல் வீதம். இது வெறும் கற்பனைக் கணக்கு இல்லை. குரங்குகளின் மூளையில் டொபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் கிட்டத்தட்ட இந்த வித்தியாசத்தையே சுமக்கின்றன என்று ஷுல்ட்ஸ், டயான், மொண்டேகு மூவரும் 1997 இல் விளக்கினார்கள். இதோடு இன்னும் இரண்டு பரமானங்கள் வரும். கிடைத்த பரிசு எலிக்கு எவ்வளவு பெரிதாகப் படுகிறது என்பது பரிசு உணர்திறன். மதிப்பு கூடிய பக்கத்தை எவ்வளவு தவறாமல் தெரிவு செய்கிறது என்பது தெரிவின் உறுதி. இரண்டு நெம்புகளின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த உறுதியால் பெருக்கி வருவது x என்றால், மதிப்பு கூடிய நெம்பைத் தெரிவு செய்யும் நிகழ்தகவு 1/(1+e^(−x)).

இதை எண்களில் போட்டுப் பாருங்கள். ஒரு நெம்பை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் பரிசு, மற்றதில் எப்போதும் ஒன்றுமில்லை. இரண்டின் மதிப்பும் சுழியத்தில் தொடங்குகின்றன. தெரிவின் உறுதி எல்லா எலிக்கும் 3. முதலாவது எலிக்குக் கற்றல் வீதம் 0.3, பரிசு உணர்திறன் 1. இரண்டாவது எலிக்குப் பரிசு முன்போலவே இனிக்கிறது, ஆனால் கற்றல் வீதம் 0.1 தான். மூன்றாவது எலி முதலாவதைப் போலவே வேகமாகக் கற்கிறது, ஆனால் பரிசு பாதி அளவுதான் படுகிறது, அதாவது உணர்திறன் 0.5.

ஆறு பரிசு கிடைத்த பிறகு நல்ல நெம்பின் மதிப்பு முதலாவது எலிக்கு 0.88, இரண்டாவதற்கு 0.47, மூன்றாவதற்கு 0.44. அந்த நெம்பைத் தெரிவு செய்யும் நிகழ்தகவு முதலாவதற்கு 93 வீதம், இரண்டாவதற்கு 80, மூன்றாவதற்கு 79. அதாவது சோதனையை இத்தோடு நிறுத்தினால், மெதுவாகக் கற்கும் எலியையும் இனிப்பில் சுவை குன்றிய எலியையும் வேறுபடுத்த வழியே இல்லை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டு 'இன்பமிழப்பு' என்று எழுதிவிடுவீர்கள். முப்பது பரிசு வரை பொறுத்திருந்தால் முதலாவது 95 வீதம், இரண்டாவதும் கிட்டத்தட்ட 95 வீதம், மூன்றாவது மட்டும் 82 இலேயே நின்றுவிடுகிறது. மெதுவாகக் கற்றது வந்து சேர்ந்துவிட்டது. சுவை குன்றியது சேரவில்லை, எவ்வளவு காலம் விட்டாலும் சேரப் போவதுமில்லை. சராசரி எடுத்தால் தெரியாத இந்த வேறுபாடு, தெரிவுகளை வரிசையாகப் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. தாளில் இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். சாதாரண தரக் கணிதமும் ஒரு கணிப்பானும் போதும்.

இனி, இந்தத் துறையில் பலர் வழுக்கி விழும் இடம். பரிசு உணர்திறனும் தெரிவின் உறுதியும் மேலே சொன்ன கணக்கில் எப்போதும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டே வருகின்றன. உணர்திறன் 0.5, உறுதி 6 என்ற எலியும், உணர்திறன் 1, உறுதி 3 என்ற எலியும் அச்சொட்டாக ஒரே மாதிரித்தான் நடக்கும். எத்தனை ஆயிரம் தெரிவுகள் பதிவு செய்தாலும் தரவால் அவற்றைப் பிரிக்க முடியாது. 'தொல்லைக்கு ஆளான எலிக்குப் பரிசு இனிக்கவில்லை' என்பதும் 'அந்த எலி கண்டபடி தெரிவு செய்கிறது' என்பதும் வாழ்க்கையில் முற்றிலும் வேறான இரண்டு செய்திகள். இந்தச் சோதனையில் மட்டும் அவை ஒன்றே. பரிசை ஒரு துளியிலிருந்து இரண்டு துளியாகக் கூட்டினாலும் சிக்கல் தீராது, ஏனென்றால் அதுவும் அதே பெருக்கத்துக்குள்தான் போய் விழுகிறது.

தீர்க்க வேண்டுமானால் சோதனையையே மாற்ற வேண்டும். ஒரு வழி, முயற்சியைச் சேர்ப்பது. ஒரு பக்கம் ஒரே அழுத்தத்தில் ஒரு துளி, மறுபக்கம் பத்து அழுத்தத்துக்கு நான்கு துளி என்று வைத்து, துளிகளையும் அழுத்தங்களையும் தனித்தனியே மாற்றிக்கொண்டே போனால், எலி பரிசுக்குக் கொடுக்கும் எடையும் உழைப்புக்குக் கொடுக்கும் எடையும் இரண்டு தனி எண்களாகக் கிடைக்கும். தொல்லைக்குப் பின் இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால், எலியின் தெரிவு பொதுவாகவே தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். பரிசின் எடை மட்டும் குறைந்து உழைப்பின் எடை அப்படியே இருந்தால், பரிசுதான் சிறுத்துவிட்டது. உழைப்பின் எடை மட்டும் கூடியிருந்தால், அலுப்பு. மாதிரியை முன்கூட்டியே எழுதிப் பார்த்தவர்தான் இப்படிச் சோதனையை வடிவமைப்பார். தரவெல்லாம் சேர்ந்த பிறகு மாதிரியைத் தேடிப் போனால் காலம் கடந்துவிடும். உங்கள் மேற்பார்வையாளரிடம் முதலில் கதைக்க வேண்டியது இதைப் பற்றித்தான்.

எலியில் கண்டது மனிதருக்கு எவ்வளவு பொருந்தும் என்ற கேள்வியும் உங்களுக்கு வரும். இதில் எனக்கு நம்பிக்கை தருவது ஒரு குறிப்பிட்ட சோதனைக் குடும்பம். டியேகோ பிட்சகாலி மனிதருக்காக அமைத்த சோதனையில் திரையில் ஒரு கோட்டு முகம் தோன்றும். அதன் வாய் சற்றே நீளமானதா குட்டையானதா என்று சொல்ல வேண்டும். இரண்டு விடைகளில் ஒன்றுக்கு மற்றதைவிட அதிக தடவை பரிசு கிடைக்கும். சாதாரணமானவர்கள் தங்களை அறியாமலே பரிசு கூடிய விடையின் பக்கம் சாயத் தொடங்குவார்கள். மனச்சோர்வு அறிகுறி கூடியவர்களிடம் அந்தச் சாய்வு குறைவு. 2013 இல் இதையே எலிகளுக்கும் அமைத்தார்கள்: முகத்துக்குப் பதில் நீளத்தில் வேறுபட்ட ஒலிகள், பொத்தானுக்குப் பதில் நெம்புகள். அடுத்த ஆண்டு வந்த ஓர் ஆய்வில், புகைத்தலை நிறுத்திய மனிதரிலும் நிக்கொட்டின் நிறுத்தப்பட்ட எலியிலும் இந்தச் சாய்வு ஒருங்கே குறைந்தது. இரண்டு உயிரினத்துக்கும் ஒரே வகைச் சோதனை, ஒரே கணக்கு. நீச்சல் தொட்டியில் எலி மிதப்பதைப் பார்த்து மனிதரின் துயரத்தை ஊகிப்பதைவிட இது எவ்வளவோ உறுதியான தரை.

குவென்டின் ஹெய்ஸும் சக ஆய்வாளர்களும் அதே 2013 இல் மனிதரிடம் இந்தச் சோதனையின் பல தொகுதித் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து, நான் மேலே சொன்ன அதே கேள்வியைக் கேட்டார்கள்: குறைந்தது கற்றல் வீதமா, உணர்திறனா? மனச்சோர்வும் இன்பமிழப்பும் முக்கியமாகப் பரிசு உணர்திறனைத் தொட்டன. டொபமின் ஏற்பிகளில் வேலை செய்யும் பிரமிபெக்சோல் என்ற மருந்து கற்றல் வீதத்தைத் தொட்டது. வெளியே பார்த்தால் இரண்டிலும் சாய்வு குறைவுதான். உள்ளே வேறு வேறு இடம்.

நீச்சல் தொட்டி என்றேன். அதைச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் நீங்கள் படிக்கப் போகும் கட்டுரைகளில் மிகப் பெரும் பகுதி அதைத்தான் பயன்படுத்துகிறது. போர்சோல்ட் 1977 இல் அறிமுகப்படுத்தியது. வெளியேற வழியில்லாத உயரமான கண்ணாடி உருளையில் தண்ணீர் நிரப்பி எலியை விடுவார்கள். எலி என்றால் முதல் நாள் 15 நிமிடம், மறுநாள் 5 நிமிடம். சுண்டெலி என்றால் பெரும்பாலும் ஒரே முறை 6 நிமிடம் விட்டு, கடைசி 4 நிமிடத்தைக் கணக்கெடுப்பார்கள். முதலில் நீந்தும், சுவரில் ஏறப் பார்க்கும், பிறகு மூக்கு மட்டும் வெளியே தெரிய அசையாமல் மிதக்கும். மனச்சோர்வு மருந்து கொடுத்தால் மிதக்கும் நேரம் குறைகிறது. ஆகவே மிதப்பது நம்பிக்கையிழப்பு என்று விளக்கம் கொடுத்தார்கள்.

இந்த விளக்கம் எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. வெளியேற முடியாது என்று தெரிந்துகொண்ட எலி சக்தியைச் சேமிப்பது புத்திசாலித்தனமாகவும் இருக்கலாம். மனிதருக்கு இந்த மருந்துகள் பலன் தர வாரங்கள் எடுக்கும். தொட்டியில் ஓரிரு வேளை மருந்திலேயே மாற்றம் தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வுச் சபை 2023 இல், மனிதரின் மனச்சோர்வுக்கு மாதிரியாக இந்தச் சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிக்கையே வெளியிட்டது. ஒரு பிராணியை மூழ்கும் பயத்தில் விட்டு, கடைசியில் அதிலிருந்து ஒரே ஒரு எண்ணை மட்டும் எடுப்பது அந்தப் பிராணிக்குச் செய்யும் அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் ஏற்கனவே எடுத்த காணொளிகள் உலகெங்கும் ஏராளமாக இருக்கின்றன. அவற்றிலிருந்து கூடுதலாகக் கற்பது நியாயமான வேலை, அங்கே உங்கள் மடிக்கணினிக்கு இடமிருக்கிறது. இரண்டு சுண்டெலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 240 நொடியில் இரண்டுமே 120 நொடி மிதந்தன. பழைய முறையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்று நான்கே முறை, ஒவ்வொரு முறையும் 30 நொடி மிதந்தது. மற்றது நாற்பது முறை, மூன்று மூன்று நொடியாக மிதந்தது. முதலாவது சுண்டெலி மிதக்கும் நிலையிலிருந்து எந்த ஒரு நொடியிலும் வெளியேறும் நிகழ்தகவு ஏறக்குறைய முப்பதில் ஒன்று, மற்றதற்கு மூன்றில் ஒன்று. பத்து மடங்கு வித்தியாசம். மறை மார்க்கோவ் மாதிரி என்பது இதைத்தான் செய்கிறது. நீந்துதல், ஏறுதல், மிதத்தல் என்ற நிலைகளுக்கு இடையே எலி எந்த வீதத்தில் தாவுகிறது என்று கணிக்கிறது. ஒரு மருந்து மிதப்புக்குள் நுழைவதைத் தடுக்கிறதா, மிதப்பிலிருந்து எழுந்துவர உதவுகிறதா என்று அப்போதுதான் கேட்க முடியும். நிலைகளைப் பிரித்துப் பார்ப்பதற்குப் பலன் உண்டு என்பது கணினிக்கு முன்பே தெரிந்த விஷயம்தான்: மூளை இரசாயனங்களில் செரடோனினைக் கூட்டும் மருந்துகள் நீந்துதலையும், நோரட்ரினலினைக் கூட்டும் மருந்துகள் ஏறுதலையும் கூட்டுகின்றன என்று டெட்கே, லக்கி ஆகியோர் 1995 இலேயே காட்டிவிட்டார்கள்.

காணொளியிலிருந்து எலியின் மூக்கு, காது, வால் அடி எங்கே இருக்கின்றன என்று எடுக்க இன்று இலவச மென்பொருள் உண்டு. டீப்லேப்கட் 2018 இல் வந்தது. ஏறக்குறைய 200 படச்சட்டங்களில் கையால் புள்ளி வைத்துக் கற்பித்தாலே பல காட்சிகளுக்குப் போதுமானது. சிலீப் என்று இன்னொன்றும் இருக்கிறது. மோசீக் என்ற முறை, சுண்டெலியின் அசைவு ஒரு நொடிக்கும் குறைவான துண்டுகளால் ஆனது என்று 2015 இல் காட்டியது. இவற்றில் எதைக் கற்றாலும் வீண் போகாது.

இன்னொரு மாதிரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் மாதிரி என்பது எண்களைப் பொருத்துவது மட்டுமல்ல, கேள்வியையே தலைகீழாக்கக் கூடியது என்பதை அது காட்டும். செலிக்மனும் மேயரும் 1967 இல் நாய்களில் கண்டதை நீங்கள் விரிவுரையில் கேட்டிருப்பீர்கள். தடுக்க முடியாத மின்னதிர்ச்சி பெற்ற நாய், பிறகு தப்பிக்க வழி இருந்தும் தப்பிக்கவில்லை. 'கற்ற இயலாமை' என்று பெயர் வைத்தார்கள். எலிகளில் இது இணை இணையாகச் செய்யப்படுகிறது. ஓர் எலி சக்கரத்தைத் திருப்பினால் இரண்டுக்கும் அதிர்ச்சி நிற்கும். மற்றது என்ன செய்தாலும் பலனில்லை. இரண்டும் பெறும் அதிர்ச்சி சரிசமம், வித்தியாசம் கட்டுப்பாட்டில் மட்டும். பின்னர் பாதிக்கப்படுவது கட்டுப்பாடு இல்லாத எலிதான்.

ஹெய்ஸும் டயானும் 2009 இல் இதை ஒரு நம்பிக்கைக் கணக்காக எழுதினார்கள். 'என் செயலால் உலகம் எவ்வளவு மாறும்?' என்பதைப் பற்றி எலிக்கு ஒரு முன்னூகம் இருக்கிறது. அனுபவம் அதைத் திருத்துகிறது. கட்டுப்பாடு குறைவு என்று நம்பும் எலிக்கு முயற்சி செய்து பார்ப்பதே நட்டம், ஆகவே முயலாது. முயலாததால் நிலைமை மாறிவிட்டது என்பதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பும் இல்லாமல் போகிறது. மனச்சோர்வு ஏன் தன்னைத்தானே நீட்டித்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை. அப்புறம் 2016 இல் மேயரும் செலிக்மனும் தங்கள் பழைய கருத்தையே திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்தில் சோர்ந்து கிடப்பது கற்றது அல்ல, அது மூளைத்தண்டின் இயல்பான எதிர்வினை. கற்கப்படுவது கட்டுப்பாடுதான், அதைக் கண்டுபிடித்து மூளைத்தண்டை அடக்குவது முன்மூளைப் புறணி என்றார்கள். அதற்கு ஆதாரமும் பலமானது: முன்பே ஒருமுறை கட்டுப்பாட்டை அனுபவித்த எலி, பின்னர் வரும் கட்டுப்பாடற்ற அதிர்ச்சியால் பாதிக்கப்படுவதில்லை, அந்தப் புறணியை மருந்தால் செயலிழக்கச் செய்தால் பாதுகாப்பும் போய்விடுகிறது.

இந்த இரண்டு கருத்தையும் கணக்காக எழுதினால் தொடக்கப் பெறுமானமே மாறும். ஒன்றில் எலி 'என்னால் முடியும்' என்று தொடங்கி அதை இழக்கிறது. மற்றதில் 'என்னால் முடியாது' என்று தொடங்கி அதை வெல்கிறது. எந்தக் கணக்கு உண்மையான எலியின் முதல் சில முயற்சிகளை நன்றாக முன்கூறுகிறது என்று ஒப்பிடலாம். இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு நல்ல தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், தங்கச்சி, இதைக் கட்டாயம் யோசியுங்கள். முழுக்க உருவகப்படுத்தலாகவே செய்யலாம், ஒரு பிராணியும் தேவையில்லை.

தரவைக் கையாளும்போது இரண்டு எச்சரிக்கைகள். ஒரே கூட்டில் வளர்ந்த நான்கைந்து சுண்டெலிகள் தனித்தனிச் சாட்சிகள் அல்ல. ஒரு கூட்டில் சண்டைக்காரன் ஒன்று இருந்தால் அத்தனையும் பாதிக்கப்படும், ஆகவே எலி, கூடு, குழு என்று படிநிலையாக அமைந்த மாதிரிதான் பொருத்தம். இரண்டாவது, எலி ஒரே மாதிரி இருந்துகொண்டு தெரிவு செய்கிறது என்ற ஊகம். முடிவெடுக்கும் சுண்டெலிகள் நூற்றுக்கணக்கான தெரிவுகளுக்கிடையே கவனத்தோடு இருக்கும் கட்டமும், ஒரே பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும் கட்டமுமாக மாறி மாறிப் போகின்றன என்று ஆஷ்வுட்டும் சக ஆய்வாளர்களும் 2022 இல் காட்டினார்கள். இது நம் விஷயத்தில் நேரடியாக இடிக்கிறது. தொல்லைக்கு ஆளான எலியின் 'தெரிவின் உறுதி' குறைந்ததாக உங்கள் மாதிரி சொன்னால், அது எப்போதும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறதா, அல்லது பாதி நேரம் முழுக் கவனத்தோடும் பாதி நேரம் முற்றாகக் கைவிட்டும் இருக்கிறதா? சராசரி இரண்டிலும் ஒன்றே. மனிதரிலும் இந்த இரண்டு நிலையும் ஒன்றல்ல என்பது நோயாளிகளோடு பழகிய எவருக்கும் தெரியும்.

வெறும் மடிக்கணினியோடு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கொழும்பில் இருந்துகொண்டே தொடங்கலாம். மென்பொருளுக்குக் காசு தேவையில்லை: பைத்தன் என்ற நிரல்மொழி இலவசம், அதை எழுதி ஓட்ட உதவும் கூகுள் கொலாப் இணைய உலாவியிலேயே ஓடும், படிநிலை மாதிரிகளுக்கு ஸ்டான், பைஎம்சி இரண்டும் இலவசம். கணிதத்தில் உங்களுக்கு வேண்டியது மடக்கை, நிபந்தனை நிகழ்தகவு, வரைபை வாசிக்கும் பழக்கம். வகையீடு பிறகு பார்த்துக்கொள்ளலாம். றீட் மாவத்தையில் உள்ள கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில் புள்ளிவிபரத்தில் ஆர்வமுள்ள ஒருவரை இணை மேற்பார்வையாளராகக் கேட்டுப் பாருங்கள். உயிரியல் தரவோடு வருகிற மாணவரை அவர்கள் பெரும்பாலும் விரும்பி ஏற்பார்கள். பழகுவதற்குத் தரவு வேண்டுமென்றால், சர்வதேச மூளை ஆய்வுகூடம் என்ற கூட்டமைப்பு 2021 இல் ஏழு ஆய்வுகூடங்களில் 140 சுண்டெலிகளின் தெரிவுகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. அது மனச்சோர்வுத் தரவு அல்ல. ஆனாலும் மாதிரி பொருத்தப் பழக அதைவிடத் துப்புரவான தரவு கிடைப்பது கடினம்.

உண்மையான எலித் தரவு உள்ளூரிலேயே வேண்டுமென்றால் மருத்துவ பீடத்தில், மருந்தியல், உடற்றொழிலியல் துறைகளில் விசாரியுங்கள். நம் நாட்டில் மூலிகைச் சாறுகளை விஸ்டார் என்ற ஆய்வுகூட வகை எலிகளில் சோதிக்கும் வேலை நீண்ட காலமாக நடக்கிறது. பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இதற்கென்று எலிகளை வளர்க்கிறார்கள். நடத்தைச் சோதனை செய்தவர்களிடம் பழைய காணொளி இருந்தால், அதை மீண்டும் ஆராய அனுமதி கேளுங்கள். புதிய பிராணி எதுவும் வேண்டியதில்லை என்றாலும், தரவின் சொந்தக்காரரிடமும் நெறிமுறைக் குழுவிடமும் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். காணொளியோடு ஒவ்வொரு எலியும் எந்தக் கூடு, ஆணா பெண்ணா, எத்தனை மணிக்குச் சோதிக்கப்பட்டது என்ற குறிப்புப் புத்தகத்தையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் காணொளியின் மதிப்பு பாதியாகிவிடும்.

முதல் மாதத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கற்றல் வீதமும் உணர்திறனும் உங்களுக்கு ஏற்கனவே தெரிந்த நூறு கற்பனை எலிகளைப் பைத்தனில் உருவாக்குங்கள். அவற்றைச் சோதனையில் விட்டுத் தெரிவுகளைப் பதிவு செய்யுங்கள். பிறகு அந்தப் பெறுமானங்களைத் தெரியாதவை போல் பாவித்து, தெரிவுகளை மட்டும் வைத்து மாதிரியால் திரும்பக் கணியுங்கள். நீங்கள் வைத்ததையும் மாதிரி கண்டுபிடித்ததையும் ஒரே வரைபில் புள்ளிகளாகப் போடுங்கள். முப்பது தெரிவோடு ஒருமுறை, முந்நூறோடு ஒருமுறை. முப்பதில் புள்ளிகள் சிதறிக் கிடக்கும், முந்நூறில் மூலைவிட்டக் கோட்டை ஒட்டி வரும். எத்தனை தெரிவு இருந்தால் இரண்டு பரமானமும் நம்பத்தக்க அளவு மீள்கின்றன என்பதை அந்த வரைபிலேயே வாசிக்கலாம். மேற்பார்வையாளரிடம் அதை எடுத்துக்கொண்டு போங்கள். எந்தச் சோதனை, எத்தனை எலி, எத்தனை நாள் என்ற பேச்சை அதை வைத்துக்கொண்டு தொடங்கலாம்.